நாலாவது நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை மொந்தேவிதேயோவில்
பழம்பொருள் சந்தை ஒரு தெருவையே விழுங்கிவிடும்.
என் பையில் இரண்டாயிரம் பேசோ.
அதற்குமேல் ஒரு காசு எடுத்தாலும்
மின்சாரக்காரன் கம்பியைப் பிடுங்குவான்.

வாடகைக்குக் கிடைத்தது ஓர் அறை, சமைக்க ஒரு மூலை,
பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்கு மண்.
அதைத் தோட்டம் என்றார் தரகர்,
கண் சிமிட்டாமல்.
சுவரில் ஈரம் பிரேசில் வரைபடமாகப் படிந்து
மழைக்கு மழை எல்லை தாண்டுகிறது.

முதலில் வாங்கியது கண்ணாடி, பிரேசிலை மறைக்க.
ரசம் போனது.
குனிந்து பார்த்தால் இடது கன்னம் இல்லை.
பாதி விலைக்கு முக்கால் முகம்,
போதும்.

அடுத்தது மூடிப்போன நாடக அரங்கின் சிவப்புத் திரை.
மூன்று மீட்டர் வெட்டிக் கொடுத்தாள் ஒருத்தி.
ஜன்னலில் மாட்டினேன்.
நடுராத்திரி கம்பியோடு பெயர்ந்து விழுந்தது,
கைதட்ட ஆளில்லாமல்.
அன்றிலிருந்து அது என் போர்வை.

கலவை தப்பிப்போன பெயிண்ட் ஒரு டப்பா,
கடைக்காரர் சும்மாவே தந்தார்.
பச்சை என்றால் பச்சைக்குக் கோபம் வரும்,
நீலமோ எனக்குச் சொந்தமில்லை என்கிறது.
கதவு, அலமாரி, வாளியின் கைப்பிடி,
மிச்சத்துக்கு என் செருப்பு.

பிறகு அந்த பீடே.
குளியலறையில் உட்கார்ந்து கழுவிக்கொள்ளும்
பீங்கான் தொட்டி,
இடிக்கிற வீட்டு வாசலில் முந்நூறு பேசோவுக்கு.
மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன்.
ஓட்டுநர் அதற்கும் டிக்கெட் கேட்டார்,
பின்சீட்டுப் பையன்கள் அதற்கு வணக்கம் வைத்தார்கள்.
சிரியுங்கள்.
நீர் வடிய அடியில் ஓட்டை, கையூன்ற விளிம்பு,
இப்படி ஒரு பூந்தொட்டியை எந்தக் கடை விற்கும்?
அண்டை வேலியில் ஜெரேனியம் ஒடித்து நட்டேன்.
இரண்டு தண்டு கேட்டு ஒடித்தது.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நாற்காலிக்குத்தான் வில்மாரிடம் போனேன்.
கோரை பின்னிய இருக்கை, வளைந்த முதுகு,
ஒரே அச்சில் மூன்று.
"நாலாவது?"
"அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்."
உண்மைதான், உட்கார்ந்திருந்தார்,
கையில் மாத்தே கோப்பை, கக்கத்தில் வெந்நீர்க் குடுவை.
எழுந்தால் விற்றுவிடுவேனோ என்ற பயத்தில்
எழாதவர்போல.

அடுத்த ஞாயிறும் கேட்டேன்: "எவ்வளவு?"
"இது கடை இல்லை சுல்மா, கடைக்காரன்."
நானூறு என்றேன். எழுநூறு என்றேன்.
ஆயிரம் என்றபோது என் குரலே என்னை நம்பவில்லை.
அவர் வாய்க்குழலை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு
மழை வருமா என்று கேட்டார்.

ஜூலையில் ஆற்றிலிருந்து குளிர் ஏறி வந்தது.
மூன்று நாற்காலி: ஒன்றில் நான்,
ஒன்றில் துவைத்த துணி,
இன்னொன்று சும்மா.
மேசையின் நாலாவது பக்கம்
பல் விழுந்த வாய்போலத் திறந்திருந்தது.
உட்கார ஆள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.
நாற்காலி வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அக்டோபரில் பீடேயில் பூ.
சிவப்பு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
சந்தையில் வில்மாரிடம் சொன்னேன்.
நம்பவில்லை.
சனிக்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது.
வாசலில் வில்மார்,
தோளில் அந்த நாற்காலி.

"யார் வீட்டிலும் என் முதுகுக்குத் தோதானது இருக்காது"
என்று சொல்லிக்கொண்டே பின்புறம் போனார்,
மண்ணில் போட்டார், உட்கார்ந்தார்.
மற்ற மூன்றையும் இழுத்து வந்தேன்.
பூவைப் பார்த்தார். பீங்கானைப் பார்த்தார்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
வெளிச்சம் போகும்வரை நாலும்
ஒன்றாக இருந்தன,
எங்கே பிரிந்தன என்று அவையும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எழுந்தார். நாற்காலியைத் தோளில் ஏற்றினார்.
நிலைப்படியில் ஒரு கால் இடித்து
பெயரில்லாத என் நிறம் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.
துடைக்காமல் போனார்.

மண்ணில் நாலு குழி.
தண்ணீர் ஊற்றும்போது
அவற்றைச் சுற்றி ஊற்றினேன்.

நாளை ஞாயிறு.
விலை கேட்க வேண்டும்.